அட்டை செருகப்படவில்லை

புதுக்கடை நீதிமன்ற வளைவில்
எனக்காகக் காத்திருந்து அணைத்த வேகன் ஆரை
மறுபடி ஸ்டார்ட் பண்ணுகிறார் ரிப்கான்.
டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்,
ஜப்பானிய மொழியில், மிகுந்த பணிவோடு,
ஒரே ஒரு வாக்கியம்.

"நாலு வருஷமா இதைத்தான் சொல்லுது மிஸ்.
மகள் சொல்றா, குட்மோர்னிங்காம்.
நான் நினைச்சது, துஆ மாதிரி ஏதோ."

இருபத்தாறு வருஷம்.
நகோயாவில் மூன்று குளிர்காலம்
நூலக ஹீட்டர் அருகே, கையுறை கழற்றாமல்,
கம்பனிச் சட்டத்தை எழுத்தெழுத்தாகத் தின்றேன்.
பங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் எழுத்து
வெட்டிய மரத்தின் அடிக்கட்டை.
துளிர்க்கும் என்ற நம்பிக்கையில் ஆக்கும்.

ஆய்வு: மூடிய கம்பனிகளில் பங்கு கைமாற்றத் தடை.
அந்நியன் ஒருவன் உள்ளே வர
இயக்குநர் சபை தலையாட்ட வேண்டும்.
எங்களுக்கு இது புதிதில்லை என்று
தேசவழமையின் முன்கொள்வனவு உரிமையை
அடிக்குறிப்பில் போட்டேன்:
காணியை விற்குமுன் பங்காளிக்குச் சொல்.
ஓரத்தில் பென்சிலால் கேட்டார் பேராசிரியர் குராமொச்சி:
'அந்நியன் யாரென்று எங்கே வரையறுக்கிறீர்கள்?'

அந்த விடுமுறைக்கு வந்தபோது
வெள்ளவத்தை அறைக்காரி
முற்பணத்துக்கு முன்னால்
பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டாள்.
திரும்பிப் போனபின்
அடிக்குறிப்பு அத்தியாயமாயிற்று.

பிறகு இங்கே படிப்பித்தேன்.
விருப்பப் பாடம், புதன் பின்னேரம்.
ஒரு வருஷம் ஏழு பேர், ஒரு வருஷம் இரண்டு;
அந்த இரண்டில் ஒருத்தி மழைக்கு ஒதுங்கியவள்
(இப்போது ஒசாகாவில், என்னைவிட நன்றாக எழுதுகிறாள்).
பதவி உயர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார்,
இதால் நாட்டுக்கு என்ன பிரயோசனம்?
முதலீடு, கடன், துறைமுகம் என்று உளறினேன்.
இரவு பல் துலக்கும்போதுதான்
நல்ல பதில் வந்தது.
அதுவும் இப்போது மறந்துவிட்டது.

"மிஸ்ஸுக்கு விளங்குதா?"

இந்த ஊரில் முதல்முறையாக
ஒருவர் தேவைப்பட்டுக் கேட்கிறார்.

"கட்டண அட்டை செருகப்படவில்லை என்குது.
ஜப்பான் நெடுஞ்சாலைக்கான அட்டை."

சிக்னலில் ரிப்கான் யோசிக்கிறார்.
"அப்ப நாலு வருஷமும்
குறைதானா சொல்லிக்கொண்டிருந்தது?"

குறையில்லை, அது செயப்பாட்டுவினை,
யாருடைய கையையும் சுட்டாத இலக்கணம்,
அவர்களின் சட்டமே பாதி அப்படித்தான்
என்று வாயெடுத்தேன்.
பச்சை விழுந்துவிட்டது.

தேர்ஸ்டன் வீதியில் காரை நிறுத்தி
ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.
விளக்கம் சொன்னதற்காம்.
பிரதிபலன் இல்லாமலும் ஒப்பந்தம் செல்லும்
எங்கள் ரோமன்-டச்சுச் சட்டத்தில் என்று
நாற்பது பக்கம் எழுதியவள்
அந்த நோட்டை
எந்தத் தலைப்பின்கீழ் வாங்குவதென்று தெரியாமல்
வெயிலில் நிற்கிறேன்.

கதவு சாத்துகிறது. கார் உயிர்க்கிறது.
அவள் மறுபடி ஆரம்பிக்கிறாள்.

"ஹரி, ஹரி" என்கிறார் ரிப்கான்,
அவளிடம்.