நாற்பது நிமிஷம்

திம்மராயனைத் தீவு மாற்றிவிட்டார்கள்.
ஒரு சமையல்கட்டிலிருந்து
கடல் தாண்டி இன்னொன்றுக்கு.

கிட்டத்தான், என்கிறான் போனில்.
நூற்றி எண்பது கிலோமீட்டர்,
நாற்பது நிமிஷம்,
காது அடைத்துத் திறப்பதற்குள்
இறக்கிவிட்டுவிடும்.

நான் காவேரிப்பட்டணத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
மாங்கூழ் ஆலை, இரண்டாம் ஷிப்ட்.
கிருஷ்ணகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்;
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
ரோட்டை அடைத்துக்கொண்டால்
எனக்கும் அதே நாற்பது.

பதினைந்து பேர் ஏறுகிற விமானமாம்.
பெட்டியோடு ஆளையும் எடை போடுகிறார்களாம்.
எங்கள் ஆலை எடைமேடையில்
டிரைவரை இறக்கிவிட்டுத்தான்
லாரியை நிறுப்போம், என்றேன்.
சிரித்தான்.
உனக்கு எவ்வளவு காட்டியது?

அறுபத்தொன்று.

போகும்போது மெடிக்கல் சீட்டில் எழுபது.
மடங்காமலிருக்க அதை நான்தான்
பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அலைச் சத்தம் கேட்குதா என்றான்.
கேட்குது என்றேன்.
சேலம் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திப் போனது.

பஸ் வந்தது.
ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
ஒன்பது கிலோ.
பெண்களுக்குக் காசு வாங்காத பஸ்;
கண்டக்டர்
லக்கேஜுக்கும் கேட்கவில்லை.