மற்றவை

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள்.
என் இ-சேவை மையத்து ஃபேன்
வெந்நீர் தெளித்துக்கொண்டிருக்கிறது.
சர்வர் வருகிறது, போகிறது,
வேலூரில் மழை வருவதுபோல.

முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி
துஷாந்தினி வந்திருக்கிறாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு குடும்பமே மடிந்திருக்கிறது:
முகாம் அட்டை, மண்டபத்தில் இறங்கிய நாளின்
ஊதா முத்திரை, அதன் ஜெராக்ஸ்,
ஜெராக்ஸின் ஜெராக்ஸ்,
பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்து மூன்று.

பிறந்த இடம்?
அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரி.
அம்மா?
பழைய பென்ட்லேண்ட், அக்கா. ரெண்டாவது மாடியாம்.
போனில் அப்பாவிடம் "ஓம்" என்றவள்
என்னிடம் திரும்பி "ஆமா" என்கிறாள்.
நடுவில் மூச்சுகூட விடவில்லை.

குடியுரிமைக் கட்டத்தைத் தட்டினேன்.
இரண்டே வரி இறங்கியது:
இந்தியர்.
மற்றவை.

எட்டு வருஷமாக இந்த இரண்டாவது வரியைத்
தட்டித் தட்டி அனுப்பியிருக்கிறேன்.
விண்ணப்பத்துக்கு அறுபது ரூபாய்.
விரல் அங்கே போகும்போது சொன்னாள்:
"மற்றவை அஃறிணை, அக்கா.
மற்றவர் எண்டாவது போடக்கூடாதா?"

தமிழில் தொண்ணூற்றேழு வாங்கியவள்.
பிழை கண்டுபிடித்த சந்தோஷம்தான் முகத்தில்,
வேறொன்றும் இல்லை.
எனக்குத்தான் மவுஸ் வியர்த்தது.

பின்னால் பெஞ்சில் ஒரு பையன்.
பாபுராவ் தெரு லாட்ஜில் ஏழு மாதம்.
ஊர் ஜார்க்கண்டில் எங்கோ. தங்கைக்கு ரத்தத்தில் வியாதி.
மாசாமாசம் ரயில் டிக்கெட்டைத்
தள்ளிப்போட என்னிடம் வருவான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம்
ஆஸ்பத்திரி கொடுத்தது:
பில்லு எங்க. சாப்பிடாம வாங்க.
இன்னிக்கு டாக்டர் இல்ல.
"இஸ்கூல்?" என்றாள் துஷாந்தினி.
"டி.சி. இல்ல," என்றான்.
இதையும் தமிழிலேயே கற்றிருக்கிறான்.

"டி.சி. இல்லாட்டியும் சேக்கணும், அக்கா.
வயசுக்கேத்த வகுப்பில.
எங்கட முகாமுக்கு வந்த வக்கீல் மிஸ் சொன்னவ."
சொல்லிவிட்டுத் தன் உறையை மறுபடி அடுக்கினாள்.
பதினைந்தாம் தேதி முகாமில் தலை எண்ணுவார்கள்.
அட்மிஷனும் அன்றைக்கே வந்துவிடக் கூடாது,
அதுதான் அவள் கவலை.

எனக்குத் தெரியாது அந்தச் சட்டம்.
என் திரையில் அதற்குப் பொத்தான் இல்லை.
பட்டா மாறுதல் தெரியும், வாரிசுச் சான்று தெரியும்,
எந்த மேஜையில் எவ்வளவு என்பதும் தெரியும்.

இதற்குள் திரை வெளுத்துவிட்டது.
நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்.
"இன்னொருக்கா போடுங்க அக்கா, பரவால்ல."
போட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில், இருநூறு எழுத்துக்குள்,
யாரும் படிக்காத இடத்தில்,
'மற்றவர் எனத் திருத்துக' என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.
எதை என்று சொல்லவில்லை.

பள்ளி திறந்த வாரம்
கடையை அரை நாள் மூடிவிட்டு
தோட்டப்பாளையம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.
கையால் எழுதிய மனு,
துஷாந்தினி போனில் சொல்லச் சொல்ல எழுதியது.
என் எழுத்து இவ்வளவு கோணலா?

ஹெட்மாஸ்டர் முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார்.
பிறகு மொழியைப் பற்றி.
பிறகு ஆறாம் வகுப்பில் ஏற்கெனவே அறுபத்திரண்டு பேர் என்பதைப் பற்றி.
மனுவை இரண்டாம் முறை படித்தார்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
நீளப் பதிவேட்டை இழுத்துப் பிரித்துக் கேட்டார்:

"சோனாராம். ரெண்டு சுழி ன-வா,
மூணு சுழி ண-வா?"

நான் பையனைப் பார்த்தேன்.
அவன் பேனாவைப் பார்த்தான்.
கேட்காமலே அதை வாங்கி
மேஜைமேல் கிடந்த பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில்
தன் எழுத்தில்
எங்கள் இருவருக்கும் தெரியாத வளைவுகளில்
மெதுவாக எழுதினான்.

ஹெட்மாஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சுழி ஜாஸ்தியா இருக்கே," என்றார்.
பதிவேடு திறந்தே கிடந்தது.