நாற்பத்தோராம் போத்தல்

இரவு ஒன்று நாற்பது.
ஒலுவில் துறைமுகத்து இரும்புப் பெட்டி அறைக்குள்
யாரும் தொடாமலே ஒரு பாதரசத் துளி
கண்ணாடிக் குழலின் நுனிக்கு வந்து தொங்குகிறது.
கணினி எண்ணத் தொடங்குகிறது:
முந்நூறு விநாடி.

அதுவரை கடல்நீர் சுழலும்.
அதில் கரைந்த உலோகங்கள்
கடைசி பஸ்ஸைப் பிடித்தவர்கள் போல
துளிக்குள் நெருக்கியடித்து ஏறும்.
பிறகு மின்னழுத்தம் மெல்ல மாற
துத்தநாகம் முதலில் இறங்கும்,
பின்னால் கட்மியம், ஈயம், கடைசியில் செம்பு,
தத்தம் தரிப்பிடத்தில்.
இறங்கும்போது திரையில் ஒரு மேடு.
மேட்டின் உயரம்தான் கணக்கு.

என் வேலையைப் பற்றி
மூத்த காக்கா சொல்வார்:
கடலில் கரைத்த பெருங்காயம்.
இந்தப் பெட்டி அதையும் பிடித்துவிடும் காக்கா,
எந்தக் கடை என்றுதான் கேட்கக் கூடாது.
ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு
இதற்கு உரத்த பேச்சு.

நாற்பது போத்தல் ஒழுங்காய்ப் போனது.
நாற்பத்தொன்றில்
ஈயத்தின் இடத்தில் எழும்பி நின்றது
ஒலுவில் வெளிச்சவீடு.

வெற்று நீரை ஓட்டினேன். சுத்தம்.
அமிலம் மாற்றினேன். கைகளை முகர்ந்தேன்.
பவுடர், மோதிரம், சிகரெட் உள்ளே வரக்கூடாது என்று
கதவில் நானே ஒட்டியது நானே வாசித்தேன்.
தோணியின் சாயமா, வலையில் கட்டும் ஈயக் குண்டா?
விடியும்வரை
துறைமுகம் முழுவதையும் சந்தேகப்பட்டேன்.

சுபஹுக்குப் பிறகு சப்றி வந்தான்
புதுப் போத்தல்களோடு.
“வலையத் தொட்டியா?”
“இல்ல ராத்தா, கிளவ்ஸ் போட்டுத்தான் அள்ளின.
நேத்துத்தான் கொஞ்சம் அவசரம்,
புள்ளைக்கு நாப்பது.”

சிரித்தான்.
இரண்டு கண்ணிலும் கறுப்பாய் சுர்மா.
கையுறையை இழுத்து மாட்டிய விரல் நுனியிலும்
இன்னும் கழுவுப்படாமல்.
“புள்ளைக்கும் நான்தான் போட்டுவிட்ட.
பாருங்க” என்று போனை நீட்டினான்:
வெள்ளைத் துணி, அரைத் தூக்கம்,
கன்னம்வரை வழிந்த மை.

கடல் சுத்தமாய்த்தான் இருந்திருக்கிறது.

திரை கேட்கிறது:
பொருந்தாத அளவு. நீக்கவா, மீண்டும் அளக்கவா?
மீண்டும் என்று அழுத்துகிறேன்.
அடுத்த துளி வந்து தொங்குகிறது,
யாரும் தொடாமலே.

சப்றி ஒரு போத்தலைக் கவிழ்த்துவைத்து
அதன்மேல் உட்காரப் பார்க்கிறான்.
“உட்காராதே” என்கிறேன்.
அடுத்த வார்த்தைக்கு
முந்நூறு விநாடி இருக்கிறது.