அறை காலி

சனிக்கிழமை காலை நூறாம் நம்பர் பஸ்ஸில்
வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி.
மிச்சம் நடை.
கொம்பனித் தெருவின் பழைய தேயிலைக் கிட்டங்கியில்
எங்கள் கழகம்.
மழை நாளில் சுவர் இன்னும் கொஞ்சம் சாயம் விடும்,
வெடிமருந்து நெடிக்குள்ளும் அது மணக்கும்.

நான் சுடுவதில்லை. எனக்குக் கணக்கு.
ஒரு பலகை, பென்சில்,
ஒட்டுத்தாள் இரண்டு ரோல்: மண்ணிறம், வெள்ளை.
அட்டை மனிதர்களின் ஓட்டைகளை எண்ணி
எழுதி
மூடிவிட வேண்டும்.
சம்பளமில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சல்.
மீன் வால் வந்தால் ரணவக்கவோடு மாற்றிக்கொள்வேன்.

மண்ணிறத்தான் சுட வேண்டியவன்.
வெள்ளை சுடக் கூடாதவன், பட்டால் பத்துப் புள்ளி போகும்.
இரண்டும் ஒரே அட்டைதான்,
திருப்பினால் மற்றவன்.
யாருக்கு எந்தப் பக்கம் என்பது
வெள்ளி இரவு ஆணி அடிக்கிறவர் பாடு.

பல் வைத்தியர் நஸ்லியாவுக்குக் கை நடுங்காது.
ஓட்டைகளைச் சொத்தை என்பார்,
"எத்தனை சொத்தை, அடைத்தாச்சா?"
வான்கூலனுக்கு ஒவ்வொரு கிழமையும்
துப்பாக்கியின் குறிமுள்ளில்தான் பிழை.
களத்துக்குப் பொறுப்பு ரணவக்க.
எங்கே பழகினார் என்று நான் கேட்டதில்லை,
எங்கே பிறந்தேன் என்று அவரும் கேட்டதில்லை.
மரியாதையா, பயமா,
ஆறு வருடமாகியும் பிடிபடவில்லை.

சேர்ந்த அன்று படிவத்தில் ஒரு கேள்வி:
அங்கத்தவராக விரும்புவதன் காரணம்?
கணக்குப் பார்க்க, என்று எழுதினேன்.
பொலிஸ் அறிக்கை வர மூன்று மாதம்.

டைமர் கீச்சிடும்.
பதினாறு வெடி, காதுமூடிக்குள்
யாரோ தூரத்தில் கதவு தட்டுவதுபோல.
பிறகு ரணவக்கவின் குரல்: அன்லோட். ஷோ கிளியர்.
சுட்டவர் ரவைக்கூட்டை உருவி
மேல்தகட்டை இழுத்துப் பிடித்து
அறையைக் காட்டுவார்.
ரணவக்க குனிந்து பார்ப்பார்.
சின்னி விரல் நகமளவு இருட்டு. ஆளில்லை.
அதன்பிறகுதான் ஒருவர் முன்னால் போகலாம்.

முதல் சனி, என்ன நினைத்தாரோ,
நஸ்லியா அதை என் பக்கமும் திருப்பினார்.
"பாருங்க மிஸ், காலி."

நான் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே நின்றேன், வரிசை காத்திருந்தது.

லொட்ஜில் பதினாலாம் அறை, நாலு பெட்டையள்.
இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டினால்
காட்டுவது நாங்கள்:
அடையாள அட்டை, பதிவுத் துண்டு, அலுமாரி,
மிளகாய்த்தூள் டின்,
பஞ்சுப் பொதி கூட.
டோர்ச் வெளிச்சம் ஒவ்வொன்றாகக் கேட்டது,
ஒவ்வொன்றாகத் திறந்தோம்.
வாசலில் நின்றவனின் தோளில் தொங்கியது
நிலத்தைப் பார்த்தபடி இருந்தது.
அதன் அறையில் ஆளிருந்ததா என்று
யாரும் எங்களுக்குத் திறந்து காட்டவில்லை.
கேட்கலாம் என்பதே
எனக்குத் தெரியாது.

இன்று வான்கூலனின் ஒன்பதாவது ரவை
மண்ணிறத்தான் தோளுக்கும்
வெள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில்.
அவர் மண்ணிறம் என்றார்.
அளவுகோலை வைத்து, கண்ணாடியைக் கழற்றி, பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.
கோட்டைத் தொட்டிருக்கிறது.
"வெள்ளையிலும் பட்டிருக்கு. பத்துக் குறையும்."
"மயிரளவுதானே மிஸ்!"
மயிரளவுதான்.
ரணவக்க என் பலகையை வாங்கிப் பார்க்கவில்லை.
"மிஸ் எழுதினது எழுதினதுதான்."
குறிமுள்ளைத் திட்டிக்கொண்டு வான்கூலன் போனார்.
நான் வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து
நெஞ்சில் ஒட்டி
பெருவிரலால் அழுத்தினேன், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

திரும்பும் பஸ்ஸில் சனம்.
பக்கத்தில் நின்ற பெண்
என் முழங்கையைத் தொட்டு, சிங்களத்தில், காயமா என்றாள்.
மண்ணிறத் துண்டொன்று
எப்போது ஒட்டியதோ.
இல்லை என்றேன். நம்பாமல் பார்த்தாள்.
உரித்துக் காட்டினேன்.