எடுப்பு

நோட்டீசில் கிளெஸ்மர் என்பது
கிளஸ்டர் என்று அச்சாகிவிட்டது.
மகளிர் குழு லோன் மேளா என்று நினைத்தாராம்
சாயிநாதபுரம் மளிகைக்காரர்.
ஐந்நூறு தாளிலும் பேனாவால் திருத்தினோம்,
'யூதர் வீட்டுக் கல்யாண இசை, அனுமதி இலவசம்',
நானும் எக்ஸ்ரே ஞானசிகாமணியும்.

பதினெட்டுப் பேர் நாங்கள்.
ஏழு பேர் பேண்டு செட்டில் பிழைப்பவர்கள்.
டயாலிசிஸ் வார்டு சுகிர்தாவுக்கு அக்கார்டியன்.
ஷூ கம்பெனி ஹபீபுல்லாவுக்கு டிராம்போன்.
நான் குழாய்வரி கவுண்டர்.
பாலாற்றில் வராத தண்ணீருக்கு ரசீது கிழித்துவிட்டு
சாயங்காலம் யூஃபோனியத்தில் ஊதுகிறேன்.

மெட்டைப் பிடித்தவன் ஞானசிகாமணிதான்.
நைட் டியூட்டியில், உடைந்த எலும்புகளுக்கு நடுவே,
போனில் பாதி வேகத்தில் ஓடவிட்டு எழுதியிருக்கிறான்.
கிளாரினெட் நடுநடுவே விக்கியது.
"தண்ணி குடுங்கப்பா அதுக்கு" என்றார்
டிரம்பெட் துலுக்காணம்.

நாதஸ்வரக் கஜபதி ஒத்திகைக்கு வந்தார்.
கண்ணை மூடி, "வகுளாபரணம்" என்றார்.
மறுநாளும் வந்தார்.
"இல்ல. மேல போறப்ப அது அவங்க பாட்டுக்குப் போவுது.
வேற யாரோ."
தொடையில் தட்டிப் பார்த்தார். தப்பியது.
"எடுப்பு எங்கய்யா இருக்குது?"
"அரை இடம் தள்ளி."
"அவங்க வாசப்படி அங்க இருக்குது போல.
நாமதான் இடிச்சிக்கறோம்."

சனிக்கிழமை. கத்திரி வெயில்.
காகிதப்பட்டறை மண்டபத்தில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தோம்.
நாலு மணிக்குத் துலுக்காணத்துக்குப் போன்.
கொசப்பேட்டையில் ஒரு சாவு.
"எடுப்பு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார் அவர்.
அஞ்சரைக்காம்.

முடியாதுன்னு சொல்லுங்க, என்றேன்.
"போன மாசமே அட்வான்ஸ் வாங்கிட்டேன்.
அவரே குடுத்தாரு. படுத்துகினே."

கச்சேரிக்கென்று தைத்த
கத்திரிப்பூ நிறச் சட்டையோடு
ஏழு பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

ஆறரைக்கு மேடையில் பதினொரு பேர்.
முன்னூறு நாற்காலிக்கு நாற்பத்தொரு தலை.
பாதிப்பேர் லாட்ஜ் தெரு வங்காளிகள்,
ஆபரேஷன் தேதிக்குக் காத்திருப்பவர்கள்;
எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.
"மூணாவது வரிசை முழங்கால் நான் எடுத்தது"
என்று கிசுகிசுத்தான் ஞானசிகாமணி.

டிரம்பெட் வரவேண்டிய இடமெல்லாம்
ஓட்டையாக இருந்தது.
சுகிர்தா வாயாலேயே அடைத்துப் பார்த்தாள்.
ஹபீபுல்லா ஒருமுறை ஓட்டைக்குள்ளேயே விழுந்தான்.

எட்டு மணி இருக்கும்.
தெருக்கோடியில் எங்கள் மெட்டு கேட்டது,
கால் சுருதி ஏறி, தூசியோடு.
துலுக்காணம் முன்னால் வந்தார்.
"பொணத்துக்கு முன்னாடி இதத்தான் வாசிச்சோம்.
நாலு தெரு ஆடுச்சு."
பின்னால் சாவு வீட்டு ஆட்கள் இருபது பேர்,
சுடுகாடு போய்த் தலைமுழுகி,
சொட்டச் சொட்ட.

கேட்டை மறித்தான் வாட்ச்மேன் முனிரத்தினம்.
"கல்யாண மண்டபம் சார். தீட்டோட உள்ள வரக்கூடாது.
ஓனர் என்னை வெட்டிப்புடுவாரு."
அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
செத்தவர் மகன் தலையாட்டித் திரும்பினார்.

சுகிர்தா யாரையும் கேட்கவில்லை.
அக்கார்டியனை மாட்டியபடியே இறங்கி
வாழைமரம் கட்டும் தூணருகே நின்றாள்.
நாங்களும் போனோம்.
பாதிப்பேர் படிக்கு உள்ளே, பாதிப்பேர் தெருவில்.
வங்காளிகள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள்.
பதினெட்டுப் பேரும் வாசித்தோம்.
கஜபதியின் கை தொடையில்
சரியாக அரை இடம் தள்ளி விழுந்தது.

முடிந்ததும் மகன் கேட்டார், இதுக்குப் பேர் என்ன.
எங்களுக்குத் தெரியாது. போனிலும் இல்லை.
"அப்ப எங்கப்பா பேர எழுதிக்கங்க."

துண்டில் விழுந்தது இரண்டாயிரத்து நூற்றுப்பத்து.
மண்டப வாடகை எட்டாயிரம்.
இன்னும் பாக்கி இருக்கிறது.

போன வாரம் விரிஞ்சிபுரத்திலிருந்து
பெண்வீட்டார் கூப்பிட்டார்கள்.
மாப்பிள்ளை அழைப்புக்குக்
'கோதண்டம்' வாசிப்பீங்களா?

வாசிப்போம் என்றார் துலுக்காணம்.
அட்வான்ஸ் கேட்டார்.