அடிக்கணக்கு

செங்கோட்டுவேலு.
அலகிட்டுப் பார்த்தேன்: நேர் நேர் நிரை நேர்.
நாலசைப் பேர், வெண்பாவுக்குள் நுழையாதுங்க.
நுழைக்க வேண்டுமென்றால் இரண்டாய் வெட்டி
செங்கோட்டு ஒரு சீர், வேலு அடுத்த சீர்
என்று உட்காரவைக்க வேண்டும்.
வேண்டாம்.
ஏற்கெனவே பாதி ஆள்தான் வீட்டில் இருக்கிறீர்கள்,
அந்தப் பாதியும் கொடியில் தொங்குகிற சட்டை.

மலைமேல் நிற்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.
பாதிக்குப் பாதி ஒரே உடம்பு.
மொட்டைமாடி ஏறி சிக்னல் தேட வேண்டியதில்லை.

வேலூர் ரோட்டு ரிவைண்டிங் பட்டறையில்
இருபத்துநாலு ஸ்லாட்டு மோட்டார் ஒன்று
என் முன்னால் வாய்பிளந்து கிடக்கிறது.
உதட்டுக்குள் சுற்றை எண்ணிக்கொண்டே
ஜாப் கார்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.
எழுதினால் சுற்று தப்புகிறது,
சுற்றினால் தளை தட்டுகிறது.
'என்ன புள்ள, வட்டிக் கணக்கா?' என்றாள் பாவாயக்கா.
ஆமாங்க்கா என்றேன்.

பன்னிரண்டாம் வகுப்பில்
'அலகிட்டு வாய்பாடு எழுதுக' என்றால்
முழு மார்க்கும் எனக்குத்தான்.
அப்போது நேரும் நிரையும்
யாரையும் குறிக்கவில்லை.

நீங்கள் சத்தீஸ்கரில், ஜக்தல்பூருக்கும் அக்கட்ட,
ராடுக்கு மேல் ராடு இறக்கி
அறுநூறு அடி, எழுநூறு அடி.
நான் திருச்செங்கோட்டில்
வெறும் நாலு அடிக்கு
மூன்று வாரமாய் நிற்கிறேன்.
முதல் அடியிலேயே பாறை.
இரண்டாம் அடியில் புகைதான் வருகிறது.

ஈற்றுச் சீர் விதி உங்களுக்குத் தெரியாது.
வெண்பா முடிகிற இடத்தில்
நாள், மலர், காசு, பிறப்பு,
இந்த நாலில் ஒன்றுதான் நிற்கலாம்.
யாரோ நம் வீட்டுக்குள் எட்டிப்பார்த்து
வைத்த விதி மாதிரி இருக்கிறது.
நாள் என்றால் காலண்டரில் நான் அடித்த நூற்றிப்பதினேழு.
மலர், போன தடவை பஸ் ஸ்டாண்டில் வாங்கி
கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு
சீட்டில் வைத்துவிட்டு நீங்கள் இறங்கிப்போன ஒரு முழம்.
பிறப்பைப் பற்றி டாக்டரம்மா மட்டும் பேசுகிறாள்.
காசு
மாதம் தவறாமல் வந்துவிடுகிறது.

காசில் முடிக்கக் கூடாதென்று
பிடிவாதமாய்த்தான் இருந்தேன்.
கரண்டு போய் டேங்கும் காலியான ஒரு ராத்திரி
இது தானாய் வந்தது:

ஆயிரம் பாறை அடியளந்து தோண்டிநீ
போயிருக்கும் ஊரெல்லாம் பொங்குநீர் – நீயில்லா
வீட்டில் குழாய்திறந்தேன் காற்றுவந்து கேட்டது
நாட்டைத் துளைப்பவன் எங்கு?

'எங்கு' காசு வாய்பாடு.
தப்பிக்க முடியவில்லை பாருங்க.
இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்.
ஆறு வருசமாய் ஏனுங்க என்று மட்டுமே கூப்பிட்டவள்
இதற்குள் நீ என்றிருக்கிறேன், இரண்டு தடவை.
தளைக்காக என்று சொல்லிவிடலாம்.
தளைக்காக இல்லை.

அனுப்பினேன். ரெண்டு நாள் ஒற்றை டிக்.
மூன்றாம் நாள் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே உங்கள் குரல்.
'கவிதையா புள்ள? எத்தன அடி?'
'நாலு.'
பின்னால் யாரோ இந்தியில் கத்தினார்கள்.
இரும்பு இரும்பில் மோதியது.
'நாலடியிலயே தண்ணி வந்துருச்சா' என்றீர்கள்.
சிரித்தீர்களா,
தூசிக்குத் தொண்டையைச் செருமினீர்களா,
இங்கிருந்து தெரியவில்லை.

என்ன சொல்வதென்று புரியாமல்
தினமும் கேட்பதையே கேட்டேன்.
'சாப்டீங்களா' கனிச்சீர்,
வெண்பாவுக்குள் அனுமதி கிடையாது.
நம்மூர் வாயில் ககரம் தேய்ந்துபோய்
சாப்டீங்ளா.
தேமாங்காய்.
தாராளமாய் உள்ளே வரும்.

இன்னும் இல்லை என்றீர்கள்.
மணி அப்போது நாலரை.