லெப்பாஸ்

கைப்பேசியில் பார்த்துக் கற்ற சீகோங்.
மூச்சை அடிவயிற்றில் அடக்கி
உச்சிக்கு ஏற்றினேன், நான்கு மாதம்.
ஏறியது.
இறங்கத்தான் தெரியவில்லை அதற்கு.

நெற்றிக்குள் இஸ்திரிப்பெட்டி.
இரவு ஷிப்டு முடிந்தும் தூக்கமில்லை.
கிளினிக்கில் எல்லாம் சரியாம்.

பினாங்கு இளைஞர் பூங்காவில் சியூ பெங்,
என்னைவிடப் பத்து வயது இளையவள்,
என் தோளை ஒரு விரலால் தொட்டாள்:
'யாரோடு சண்டை?'

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள்.
மூச்சை எண்ணாதே.
செருப்பைக் கழற்றி ஈரப் புல்லில் நட,
குதிகாலை மட்டும் நினை.
'லெப்பாஸ்லா, அண்ணே, லெப்பாஸ்.'

பத்தொன்பது வருடமாக
பாயான் லெப்பாஸுக்குத்தான் பஸ் ஏறுகிறேன்.
விடு, விடு என்று
பலகையிலேயே எழுதியிருக்கிறது.

நேற்று அதே பஸ்ஸில் தூங்கிப்போய்
பேக்டரி தாண்டி இரண்டாம் நிறுத்தத்தில் விழித்தேன்.
சூப்பர்வைசர் கத்தினார்.
என் குதிகால் தரையில் இருந்தது.